எத்தனையாவது நாள் என்று கேட்காத மோட்டார்

அவரை அலுவலகத்தில் எல்லோரும் பூஜ்யம் என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனாலும் அதில் கொஞ்சம் மரியாதையும் கலந்திருந்தது. மாலை ஐந்து மணிக்குக் கணினியில் கம்பைலர் காட்டுகிற எச்சரிக்கைகளின் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்காமல் மனிதர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். அவருடைய மனைவிக்கு இந்தப் பெயர் ரொம்பப் பிடித்துப்போனது. "வீட்டு வேலையில இவரோட பங்கும் அதேதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அவரும் கூடவே சிரிப்பார், ஆனால் தட்டை எடுத்துக் கழுவ மாட்டார்.

அப்பா தையல்காரர். மகன் பத்து வயதில் பழைய ரேடியோக்களைப் பிரித்துப் போட்டான், பதினைந்து வயதில் பிரித்ததைத் திரும்பப் பூட்டவும் கற்றுக்கொண்டான். கணினிக்கு நிரல் எழுதும் சி மொழியைப் படித்தது யாரோ கொடுத்த புத்தகத்தின் நகலில். அதில் நாற்பதாம் பக்கம் இரண்டு தடவை இருந்தது, நாற்பத்தொன்றாம் பக்கம் இல்லவே இல்லை. இருபத்தேழு வயதில் கோழிமுட்டையை அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும் பெட்டி செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தார். இப்போது ஐம்பத்து நாலு ஆகிறது. இன்னும் அதே மாடி, அதே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பஸ் பணிமனையின் மதில்சுவர் மட்டும் இடையில் மூன்று தடவை நிறம் மாறியிருக்கிறது.

கீழ்த்தளத்தில் தகரம் வெட்டிப் பெட்டி செய்வார்கள். மேலே ஓர் அறையில் அந்தப் பெட்டிக்கு மூளை எழுதுவார்கள். கீழே பெரிய வெட்டு இயந்திரம் ஓடினால் மேலே மானிட்டர் ஒரு குதி குதிக்கும். அவர் சேர்ந்து ஒரு வருஷம் கழித்து அந்த அறைக்குள் இன்னொரு நாற்காலி வந்தது. அதில் வந்து உட்கார்ந்தவர் அவரைவிட மூன்று வயது மூத்த பெண்மணி, ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "பசங்கள விட மெஷின் பேச்சு கேக்கும்"னு வேலையை மாற்றிக்கொண்டவர். அன்றிலிருந்து அவர் பெயர் டீச்சர். டீச்சர் இவரை நீ என்பார். இவர் டீச்சரை நீங்க என்பார். ஏழு வருஷம் இரண்டு பேரும் ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த ஏழு வருஷத்தைப் பற்றி இன்றைக்கும் பூஜ்யத்திடம் யாராவது கேட்டால் போதும், மனிதருக்கு முகம் மலர்ந்துவிடும். என்ன பெரிய வாழ்வு என்று கேட்கிறீர்களா? காலையில் போய் மின்விசிறியைப் போடுவது, போட்டதும் காகிதங்கள் பறப்பது, பறந்ததை ஆளுக்குப் பாதியாகப் பொறுக்குவது. அவ்வளவுதான். ஆனால் அப்படிப்பட்ட காலைகள் மனிதனுக்கு எத்தனை கிடைத்துவிடப் போகின்றன?

கம்பைலர் என்பது, எழுதுகிற நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருகிற மென்பொருள். மாற்றும்போதே இது சரியில்லை, அது சந்தேகமாக இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அதற்கு டீச்சர் வைத்த பெயர் மாமியார். "என் நிஜ மாமியார் தங்கம். அந்தக் குறைய இவங்க தீர்த்து வைக்கிறாங்க" என்பார். காலையில் இவர் டீ டம்ளரோடு உள்ளே வந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்.

"மாமியார் என்ன சொல்றாங்க?"

"பதினாலு குத்தம் கண்டுபிடிச்சிருக்காங்க. அதுல பத்து உன்னோடது."

பெரும்பாலான குற்றம் ஒரே வகை. பெட்டிக்குள் சூடேற்றும் கம்பி, காற்றோடு ஈரம் சேர்க்கும் தண்ணீர்த் தட்டு, விசிறி, முட்டையைப் புரட்டும் மோட்டார் என்று நாலு உருப்படி இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷன், அதாவது அந்த வேலையை மட்டும் செய்கிற ஒரு துண்டு நிரல், எழுத வேண்டும். நாலையும் வரிசையாகக் கூப்பிடுவதற்கு வசதியாக எல்லாவற்றுக்கும் ஒரே மூன்று தகவலைக் கையில் கொடுப்பார்கள். வெப்பம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, முட்டை வைத்து எத்தனையாவது நாள். விசிறிக்கு வெப்பம் தெரிந்தால் போதும். நாளைத் தெரிந்துகொண்டு அது என்ன செய்யப் போகிறது? ஆனால் மாமியார் விட மாட்டார். வாங்கிக்கொண்டாயே, எங்கேயும் பயன்படுத்தவில்லையே என்று எச்சரிக்கை போடுவார். வாயை அடைக்க ஒரு வழி உண்டு. ஃபங்ஷனுக்குள்ளே அடைப்புக்குறி போட்டு வாய்ட் என்று எழுதி, பக்கத்தில் அந்தத் தகவலின் பெயரை எழுதிவிட வேண்டும். தெரிந்துதான் விட்டேன், எனக்கு வேண்டாம் என்று அதற்குப் பொருள். உடனே எச்சரிக்கை அடங்கிவிடும்.

ஒருமுறை முதலாளி மாடிக்கு வந்து, இந்த வகை எச்சரிக்கையே வராதபடி மொத்தமாக நிறுத்திவிடலாமே என்றார். இரண்டு பேரும் ஒரே குரலில் கூடாது என்றார்கள். முதலாளி வந்த வழியே இறங்கிப் போனார்.

கூடாது என்பதில் ஒற்றுமைதான், ஆனால் காரணம் வேறு வேறு. பூஜ்யத்துக்கு எச்சரிக்கை என்றால் சட்டையில் பட்ட கறை. கண்ணில் பட்டதும் துடைத்தாக வேண்டும். டீச்சருக்கு அது ஞாபகச் சீட்டு. அவர் முதலில் நாலு ஃபங்ஷனுக்கும் வெறும் கூட்டை எழுதிப் போடுவார், உள்ளே சரக்கு இருக்காது. மாமியார் உடனே, வெப்பத்தைத் தொடவில்லை, ஈரத்தைத் தொடவில்லை என்று பட்டியல் வாசிப்பார். டீச்சர் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக நிரப்புவார். "எதையெல்லாம் இன்னும் எழுதலன்னு அவங்களே சொல்லிட்டிருக்காங்க. எனக்கு எதுக்கு நோட்டு?" என்பார். அதனால் இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அடுத்தவர் ஃபைலில் வருகிற எச்சரிக்கையை வாய்ட் போட்டு அடைப்பதாக இருந்தால் கேட்டுவிட்டுத்தான் அடைக்க வேண்டும்.

மற்றபடி எல்லாவற்றையும் ஒரே மாதிரி எழுதினார்கள். அதில்தான் அவர்களுக்குப் பெருமை. எங்கே இடைவெளி விடுவது, பெயரை எப்படிச் சுருக்குவது, குறிப்பு எழுதினால் முற்றுப்புள்ளி வைப்பதா என்று முதல் வருஷம் பூராவும் சண்டை போட்டு முடித்தார்கள். மூன்றாம் வருஷத்தில் முதலாளி ஒரு பக்கத்தை அச்செடுத்து வந்து, இது யார் எழுதியது என்று கேட்டார். இவர், டீச்சர் எழுதினது என்றார். டீச்சர், இவன் எழுதினது என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியவில்லை. அந்த ஒரு வாரம் அறையில் சிரிப்பு அடங்கவே இல்லை. யார் எந்த வரியை மாற்றினார் என்று எழுதி வைக்கும் ஏற்பாடு எதுவும் அப்போது அந்த அலுவலகத்தில் கிடையாது. மாலையில் மொத்தத்தையும் ஒரு நகல் எடுத்துப் பீரோவில் பூட்டுவார்கள், அவ்வளவுதான்.

ஏழாம் வருஷம் புதிதாக ஒரு பெட்டி செய்தார்கள். நாலாயிரம் முட்டை கொள்ளும். முட்டையைப் புரட்டும் மோட்டாருக்கான ஃபங்ஷன் டீச்சரின் கையில் இருந்தது. ஒரு நாள் காலை பதினோரு மணிக்குக் கீழே டீச்சருக்குத் தொலைபேசி வந்தது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் கொதிக்கிறது, உடனே வரவும். டீச்சர் கைப்பையைக்கூட எடுக்காமல் அப்படியே ஓடினார். தகரம் வெட்டுகிறவர் மேலே வந்து விஷயத்தைச் சொல்லிப் பையை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார்.

பன்னிரண்டு மணிக்குப் பண்ணையிலிருந்து வண்டி வந்து நின்றது. சாயங்காலம் வர வேண்டிய வண்டி. முதலாளி பாதிப் படியில் நின்றபடி, "முடிஞ்சுதாப்பா? அவங்க கிளம்பணுமாம்" என்றார். பூஜ்யம் கம்பைலரை ஓட்டினார். ஒரே ஓர் எச்சரிக்கை. முட்டை புரட்டும் ஃபங்ஷனில் நாள் பயன்படுத்தப்படவில்லை. திறந்து பார்த்தார். மணிக்கொரு தடவை மோட்டாரைச் சுழற்றும்படி அழகாக எழுதியிருந்தது. மோட்டாருக்கு நாள் எதற்கு? விசிறி மாதிரிதானே இதுவும்? ஒப்பந்தம் ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் கேட்க டீச்சர் இல்லை, கீழே வண்டி உறுமிக்கொண்டிருந்தது. டீச்சர் போடுகிற இடத்திலேயே, டீச்சர் விடுகிற இடைவெளியே விட்டு, வாய்ட் போட்டார். எண்ணிக்கை பூஜ்யமானது. நிரலைச் சிப்பில் ஏற்றிக் கொடுத்து அனுப்பினார். முழுதாகச் சோதித்துப் பார்க்க இருபத்தொரு நாள் வேண்டும். அதற்கு யார் காத்திருந்தார்கள்?

இரண்டு நாள் கழித்து டீச்சர் வந்தார். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. இவர், "வண்டி சீக்கிரமே வந்துடுச்சு, அனுப்பிட்டேன்" என்றார்.

"வார்னிங்?"

"பூஜ்யம்."

"பூஜ்யமா?"

"பூஜ்யம்தான்."

டீச்சர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு வரி போட்டேன் என்று சொல்ல இவர் வாயெடுத்தார், அதற்குள் கீழேயிருந்து கூப்பிட்டார்கள். இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது டீச்சர் வேறு வேலையைத் தொடங்கியிருந்தார். இவரும் மறந்துபோனார்.

முட்டையைப் பதினெட்டு நாள்தான் புரட்ட வேண்டும். கடைசி மூன்று நாள் குஞ்சு ஓட்டை உடைக்கத் திரும்பி நிற்கும், அப்போது தொடவே கூடாது. டீச்சர் எழுதாமல் வைத்திருந்த பாதி அதுதான். அதை ஞாபகப்படுத்தத்தான் மாமியார் கத்திக்கொண்டிருந்தார். மோட்டார் எத்தனையாவது நாள் என்று கேட்காமல் மணிக்கொரு தடவை புரட்டியது. நாலாயிரத்தில் ஆயிரம்கூடப் பொரியவில்லை. பாதி உடைந்த ஓட்டோடு ஒரு தட்டைப் பண்ணைக்காரர் முதலாளியின் மேசையில் கொண்டுவந்து வைத்தார், திட்டக்கூட இல்லை.

முதலாளி மாடிக்கு வந்தார். ஃபைலைத் திறக்கச் சொன்னார். அந்த வரி பளிச்சென்று இருந்தது. "யார் போட்டது இது?" என்றார்.

பூஜ்யம் டீச்சரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். முதலாளி இருந்த கோபத்துக்கு அந்த நிமிஷமே வெளியே போ என்று சொல்லிவிடுவார் என்று பயந்தார். டீச்சர் திரையின் பக்கம் குனிந்து அந்த வரியையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி இவரை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி முதலாளியிடம் திரும்பி, "நான்தான் போட்டிருப்பேன்" என்றார்.

அந்தப் பார்வையை வைத்துக்கொண்டுதான் மனிதர் பத்தொன்பது வருஷம் ஓட்டினார். பேசாம இரு, உனக்குக் குழந்தை பிறக்கப்போகுது, நான் பார்த்துக்கறேன் என்று அந்தப் பார்வைக்கு அவர் பொருள் எடுத்துக்கொண்டார். டீச்சருக்கு எல்லாம் தெரியும், தெரிந்தே தன் தலையில் போட்டுக்கொண்டார் என்று நம்பினார். நம்புவது அவருக்கு வசதியாகவும் இருந்தது. மத்தியானம் டீ குடித்துவிட்டுத் தனியாகப் பேசலாம் என்று நினைத்தார். டீ குடித்தார், பேசவில்லை. நாளைக்குப் பேசலாம் என்றார். பத்தாம் நாள் டீச்சர் வேலையை விட்டுவிட்டார். படிக்கட்டில் இறங்கும்போது, "பார்த்து வேலை செய்" என்று மட்டும் சொன்னார். அதையும் இவர் ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார். புரட்டும் ஃபங்ஷனை இவரே சரிசெய்து முடித்தார். முதலாளி தோளில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலை வாங்கிக்கொண்டு நின்ற மனிதரை என்ன சொல்வது?

இந்த வருஷம் கம்பெனி புதுக் கம்பைலர் வாங்கியது. முதல் நாளே முந்நூற்று நாற்பது எச்சரிக்கை கொட்டியது. முதலாளியின் மகன்தான் இப்போது முதலாளி. அவரும் அப்பா மாதிரியே, "மொத்தமா நிறுத்திடலாமே சார்" என்றார். பூஜ்யம் முடியாது என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் ஒவ்வொரு வரியாகப் பார்க்க உட்கார்ந்தார். பாதிக்கு மேல் அந்த ஏழு வருஷத்தில் எழுதியவை. ஒரு வரியைத் திறந்தால் ஒரு மத்தியானம் வெளியே வரும். தண்ணீர்த் தட்டு நிரம்பி அறை முழுக்க வழிந்த நாள் வரும். டீச்சரின் மகள் மேசைக்கடியில் உட்கார்ந்து கணக்குப் போட்ட விடுமுறை வரும். இது டீச்சர் எழுதியதா, நாம் எழுதியதா என்று பார்ப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு வரியைப் பார்த்து, அந்த அறையில் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று நினைத்து, கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை.

மனைவியிடம் விஷயம் எப்போதோ சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் அவர் தட்டைத் தள்ளி வைத்ததும் மனைவி எழுந்தார்.

"அவங்க உங்களுக்காகப் பழிய ஏத்துக்கிட்டாங்கன்னு வருஷா வருஷம் எங்கிட்ட சொல்றீங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? நன்றின்னு? மன்னிச்சிடுங்கன்னு?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்கற இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத்தான். நாளைக்குக் கிளம்புங்க."

டீச்சரின் முகவரி, கம்பெனிக் கிடங்கில் வேலை செய்கிற அம்மாளிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்து, இறங்கி, இரண்டு தெரு நடந்தார். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வீடு. கடை டீச்சரின் கணவருடையது. மாடியில் கதவைத் தட்டியதும் டீச்சரே திறந்தார். முடி முழுக்க நரைத்து, குட்டையாக வெட்டியிருந்தது. அடையாளம் தெரிய ஒரு நொடிதான் ஆனது.

"வாங்க, உள்ள வாங்க" என்றார்.

வாங்க என்றது இவருக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வருஷம் பார்க்காதவனை யார் நீ என்பார்கள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். கணவர் எழுந்து வந்து கை கொடுத்தார். மேசைக்கடியில் கணக்குப் போட்ட மகள் இப்போது இருபத்தேழு வயதுப் பெண்ணாக வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள். வீட்டில் ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. வாசல் கதவின் உட்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அடுப்பு, குழாய், சாவி என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி போட்டு டிக் அடித்திருந்தது.

அரைமணி நேரம் பழைய கதை பேசினார்கள். அதைவிட நல்ல அரைமணி நேரம் அவருக்கு அந்த வருஷத்தில் கிடைக்கவில்லை. மதில்சுவர் இப்போது என்ன நிறம் என்று டீச்சர் கேட்டார். முதலாளி அச்செடுத்து வந்த பக்கத்தைச் சொல்லி இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். "மாமியார் எப்படி இருக்காங்க?" என்றார் டீச்சர். "புது மாமியார் வந்துட்டாங்க. முந்நூத்தி நாப்பது" என்றார் இவர். டீச்சர் நடுநடுவே எழுந்து அடுப்படிக்குப் போய் வந்தார். மூன்றாவது தடவை போனபோது கணவர், "அடுப்பு அணைச்சாச்சும்மா, நான் பார்த்தேன்" என்று பழகிப்போன குரலில் சொன்னார். பிறகு கடைக்கு யாரோ வந்துவிட்டதால் கீழே இறங்கிப் போனார்.

"நீங்களும் கடையில உட்கார்றீங்களா டீச்சர்?"

"உட்காருவேன். துடைப்பேன், ஆள் வந்தா கூப்பிடுவேன். கண்ணாடி அளவு எழுதுற வேலைய மட்டும் தொடறதில்ல."

"ஏன்?"

டீச்சர் காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். இதுதான் சமயம் என்று இவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"டீச்சர், உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். அன்னிக்கு முதலாளி கேட்டப்போ என் பேர சொல்லாம நீங்க ஏத்துக்கிட்டீங்களே. அந்தக் கடன் இன்னும் எனக்குத் தீரல."

"எதுக்கு உங்க பேர சொல்லணும்?"

"அந்த வரி. புரட்டுற மோட்டார்ல வாய்ட் போட்டது."

"அது நான் போட்டது."

"இல்ல டீச்சர். நான் போட்டது. உங்களுக்குத் தெரியுமே."

டீச்சர் இல்லை என்று தலையை ஆட்டினார். இவருக்கு அப்போதுதான் உறைத்தது. முதலாளி முன்னால் டீச்சர் பார்த்த அந்தப் பார்வையில் மன்னிப்பும் இல்லை, காப்பாற்றுவதும் இல்லை. உனக்காவது ஞாபகம் இருக்கிறதா, நான் போட்டேனா என்று டீச்சர் அன்றைக்கு இவரைத்தான் கேட்டிருக்கிறார். இவர் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"எப்பப் போட்ட?" என்றார் டீச்சர்.

"நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு. பன்னெண்டு மணி இருக்கும். வண்டி வந்துடுச்சு."

"நான் அறையில இல்ல."

"இல்ல."

"நான் அதுக்குள்ள போயிட்டேன்."

"ஆமா டீச்சர். போயிட்டீங்க."

டீச்சர் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குரல் உயரவில்லை. "அந்த வரிய நான் எவ்வளவு நேரம் பார்த்தேன் தெரியுமா? எழுதின ஞாபகமே இல்ல. ஆனா என் கை எழுதின மாதிரியே இருந்துச்சு. என் ஃபைலு. என் இடைவெளி. நீ கேக்காம தொட மாட்ட. அப்ப வேற யாரு? பாதியில விட்டுட்டுப் போனேன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. நீ பூஜ்யம்னு சொன்ன. சரி, முடிச்சுட்டுத்தான் போயிருக்கேன் போலன்னு நினைச்சேன். என் ஞாபகத்த விட்டுட்டு உன் பூஜ்யத்த நம்பினேன். எழுதினதும் ஞாபகம் இல்ல, எழுதாதத எழுதினதாவும் நினைக்கறேன்னா, என் தலையில ஏதோ கோளாறுன்னு தோணிச்சு. அதான் வேலைய விட்டேன். அவமானப்பட்டு விடல. பயந்து விட்டேன்."

"டீச்சர்..."

"மூணு டாக்டர் பார்த்தாச்சு. ஒண்ணும் இல்லன்னாங்க. நான் நம்பல. இவ பத்தாவது படிக்கறப்போ கணக்கு கேட்டா. சொல்லித்தர மாட்டேன்னுட்டேன். தப்பாச் சொல்லிட்டா என்ன பண்றது? ட்யூஷனுக்கு அனுப்பினோம். கணக்கு டீச்சரோட பொண்ண."

நன்றி சொல்லவென்று பஸ் ஏறி வந்த மனிதர். யாரும் கொடுக்காத மன்னிப்பை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். நெஞ்சு வலித்தது. வலிக்கட்டும் என்றும் இருந்தது.

டீச்சர் எழுந்து மாடிப்படியின் பக்கம் போய்க் கூப்பிட்டார். "ஏங்க, மேல வாங்க. கடைய அப்படியே விட்டுட்டு வாங்க." பிறகு உள்ளே பார்த்து மகளையும் கூப்பிட்டார். இரண்டு பேரும் பதறிக்கொண்டு வந்தார்கள். டீச்சர் இவருக்கு எதிரே நின்றார்.

"இப்ப எங்கிட்ட சொன்னத இவங்க முன்னாடி சொல்லு."

இவர் எழுந்து நின்று சொன்னார். பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்ததையும், ஓர் எச்சரிக்கை இருந்ததையும், டீச்சரைக் கேட்காமல் தான் அந்த வரியைப் போட்டதையும், முதலாளி கேட்டபோது நாற்காலிக்குப் பின்னால் ஊமையாக நின்றதையும் சொன்னார். கணவருக்குச் சி மொழி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார்.

மகள் அம்மாவின் தோளைப் பிடித்தாள். "அப்ப நீ எதையும் மறக்கலையாம்மா?"

"மறக்கலடி. நான் எழுதவே இல்ல."

அதற்குமேல் டீச்சரால் நிற்க முடியவில்லை. மகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதார். கணவர் பக்கத்தில் போய் நின்று தலையில் கை வைத்தார். பூஜ்யம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்.

"மன்னிச்சிடுங்க டீச்சர்" என்றார்.

"அதப் பத்தி இப்பப் பேசாத" என்றார் டீச்சர். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "நான் எந்தப் பக்கமா போனேன், நீ எந்த நாற்காலியில உட்கார்ந்த, எல்லாம் சொல்லு. முதல்லேருந்து இன்னொரு தடவ சொல்லு."

அவர் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.